விண்வெளி நிலையத்துக்கு ஓசி டிக்கெட் கிடைத்தால் போவீர்களா?

கேள்வி, ஜூன் 29, 2025

நம் நாட்டு விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து வீட்டில் டிவியைத் திறந்தால் அதுதான். எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு தகர டப்பாவுக்குள் அடைபட்டு, ட்யூப்பைப் பிதுக்கிச் சாப்பிட்டு, குளிக்காமல் கிடந்துவிட்டு வருவதில் அப்படி என்ன இருக்கிறது? அந்தக் காசுக்கு உலகத்தையே பத்துத் தடவை சுற்றலாம். டிக்கெட்டை யாராவது சும்மா கொடுத்தால் நிஜமாகவே போவீர்களா?

ஜூன் 29, இரவு 10.40

போவேன். காலையில் கிளம்பு என்றால் காலையிலேயே.

நான் மதுரையில் ஏசி மெக்கானிக், 22 வருஷமாக இதே வேலை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், அண்ணா நகரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் அவுட்டோர் யூனிட்டுக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். மணி ஏழு இருக்கும். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. திருப்பரங்குன்றம் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பி மேலே ஏறி வந்தது. விடிவெள்ளி அளவுக்குப் பிரகாசம், மினுக்கல் இல்லை, சத்தமும் இல்லை. கூட இருந்த பையன் ஃப்ளைட் என்றான். ஃப்ளைட் என்றால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும், இது ஒரே சீராக வந்தது. தலைக்கு மேலே கடந்து யானைமலைப் பக்கம் போனது, ஆனால் மலையைத் தொடுவதற்கு முன்னாலேயே, ரெகுலேட்டரைத் திருகி பல்பைக் குறைப்பது மாதிரி, சிவந்து, மங்கி, நடு ஆகாயத்தில் அணைந்துவிட்டது. ஒரு பொட்டு மேகம் இல்லை. கையில் கேஜ் ஹோஸைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.

அது விண்வெளி நிலையம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அது அணையவும் இல்லை. கீழே நமக்கு இருட்டிவிட்டாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும், அந்த வெயில் பட்டுத்தான் அது நமக்குத் தெரிகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மறைந்துவிடும். அதாவது, உள்ளே இருந்தவர்களுக்கு அந்த நொடியில்தான் சூரியன் மறைந்திருக்கிறது. அவர்களுடைய அந்திப்பொழுதை நான் அண்ணா நகர் மாடியில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பிடித்த ஆசை இது, இன்னும் விடவில்லை.

ஜூன் 30, காலை 6.15

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்று மட்டும். ரொம்ப தூரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கிருந்து சென்னை ரோடு வழியாக 460 கிலோமீட்டர், நிலையம் 400. நேராக மேலே போக ரோடு இருந்தால் சென்னையை விட அது கிட்டம். வைகை எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் தூரத்தை அது ஒரு நிமிஷத்தில் கடக்கிறது. உலகத்தை ஒரு சுற்றுச் சுற்ற 92, 93 நிமிஷம். இட்லிக்கு மாவு ஆட்டி முடிப்பதற்குள் ஒரு சுற்று.

ஜூன் 30, இரவு 11.05

தகர டப்பா என்று சொன்ன அண்ணனுக்கு. அதன் எடை சுமார் 420 டன். சோலார் தகடுகளைச் சேர்த்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 109 மீட்டர். மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த நீளம் வரும். முதல் துண்டு 1998 நவம்பரில் போனது, அப்புறம் ஒவ்வொரு துண்டாகக் கொண்டுபோய் மேலேயே வைத்துக் கோத்திருக்கிறார்கள். 2000 நவம்பர் 2ஆம் தேதியிலிருந்து அது ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. எங்கள் தெருவில் அப்படிப் பூட்டாத வீடு ஒன்றுகூட இல்லை.

ட்யூப் சாப்பாடு எல்லாம் ரொம்பப் பழைய கதை. இப்போது பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், ரொட்டி உதிர்ந்து தூள் பறக்கும் என்பதால் சப்பாத்தி மாதிரி ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோயிருக்கிறார்.

காசு கொடுத்துப் போன முதல் ஆள் டென்னிஸ் டிட்டோ, 2001 ஏப்ரலில். அப்போது அவருக்கு 60 வயது, கொடுத்தது சுமார் 2 கோடி டாலர். எட்டு நாள் இருந்துவிட்டு வந்தார். புவியீர்ப்பு இல்லாத இடத்தில் எட்டு நாள் மிதப்பதற்கு அவ்வளவா என்று அன்றைக்கும் கேட்டார்கள்.

ஜூலை 1, இரவு 9.30

திருத்தம். நேற்று புவியீர்ப்பு இல்லாத இடம் என்று எழுதிவிட்டேன். திருமங்கலம் வாத்தியார் ஐயா அதைச் சுட்டிக் காட்டியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு இங்கே இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் ஓடுவதால், அது விழ விழ பூமியும் கீழே வளைந்துகொண்டே போகிறது, தரை வந்து சேருவதே இல்லை.

தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறியவர்களுக்கு இது புரியும். உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது வயிறு மேலே எழும்புமே, அந்த ஒரு நொடி. அந்த நொடி முடியாமலே எட்டு நாள் நீண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பாதிப் பேருக்கு மேல் தலைசுற்றலும் வாந்தியும் வருகிறது. உடம்பில் உள்ள நீர் தலைப் பக்கம் ஏறி முகம் உப்பிக்கொள்ளும், மூக்கடைப்பில் ருசி மந்தமாகும், அதனால் எல்லோரும் காரம் தேடுகிறார்களாம். என் பங்குக்கு மோர் மிளகாய் எடுத்துப்போக விட்டால் நல்லது.

ஜூலை 3, இரவு 11.50

இன்றைக்கு வேலை இல்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முதல் நாள் ஆசை என்று எழுதினேனே, அது எதன் மேல் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லோரும் ஜன்னலைச் சொல்கிறார்கள். மிதப்பதைச் சொல்கிறார்கள். எனக்கு முதலில் கேட்க வேண்டியது அங்கே ஓடும் ஃபேன் சத்தம்.

நம் வீட்டில் சூடான காற்று தானாக மேலே ஏறும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதை நம்பித்தான் நாங்கள் ஏசியைச் சுவரில் உயரத்தில் மாட்டுகிறோம். அங்கே மேல் கீழ் என்று எதுவும் இல்லை, சூடான காற்று ஏறாது, நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருவர் தூங்கும்போது அவர் விட்ட மூச்சு மூக்குக்கு முன்னாலேயே தேங்கி நின்று, அதையே அவர் திரும்ப இழுக்க வேண்டிவரும். அதனால் படுக்கும் அறையில் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ராத்திரி பகல் பார்க்காமல். நிலையத்தில் எந்நேரமும் ஒரு இரைச்சல் இருக்கும் என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது இதனால்தான். கரண்ட் போனால் நமக்கு வியர்க்கும், அவ்வளவுதான். அங்கே ஃபேன் நின்றால் மூச்சுக்கே ஆபத்து.

அடுத்து ட்ரெயின் தண்ணீர். ஏசியிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுகிற தண்ணீரை நான் எந்த வீட்டுக்குப் போனாலும் பக்கெட்டில் பிடிக்கச் சொல்வேன். கோடையில் லாரிக்குப் பின்னால் குடம் தூக்கி ஓடிய தெருவில் வளர்ந்தவன் நான். அந்தத் தண்ணீர் வேறெதுவும் இல்லை, அறையில் இருப்பவர்களின் மூச்சும் வியர்வையும் கலந்த காற்றின் ஈரம் ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில், அதாவது காயிலில் பட்டுத் திரண்டு வருவது. நிலையத்திலும் இதையேதான் பிடிக்கிறார்கள். ஆனால் அங்கே சொட்டாது. தண்ணீர் காயிலிலேயே ஒட்டிக்கொண்டு கெட்டியான தோல் மாதிரி நிற்கும். அதைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சி, சுழற்றித்தான் தனியாகப் பிரிக்கிறார்கள். அதையும் சிறுநீரையும் சுத்தம் செய்து குடிக்கிறார்கள். 2023இல் 98 சதவீதத் தண்ணீரைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அருவருப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேற்று ஒருவர் அழுத கண்ணீர் இன்றைக்கு எல்லோருக்கும் காபி. ஒரு வீட்டில் இதைவிட நெருக்கமாக எப்படி வாழ முடியும்?

ஜூலை 6, இரவு 10.20

வெளியே அவ்வளவு குளிராக இருக்கும்போது அங்கே ஏசி எதற்கு என்று உசிலம்பட்டித் தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி தம்பி. வெயில் பக்கம் 120 டிகிரி வரை ஏறும், நிழல் பக்கம் மைனஸ் 150க்கும் கீழே போகும். உள்ளே மெஷின்களும் மனுஷர்களும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருப்பார்கள். நம் அவுட்டோர் யூனிட் என்றால் ஃபேன் வைத்து சூட்டைக் காற்றில் தள்ளிவிடும். அங்கே தள்ளுவதற்குக் காற்றே இல்லை. பெரிய பெரிய தகடுகளை விரித்து, அடுப்புக்கு முன்னால் நின்றால் காந்துமே, அப்படிக் கதிராகத்தான் சூட்டை வெளியே விட வேண்டும். உள்ளே இருக்கும் குழாய்களில் தண்ணீர் ஓடுகிறது. வெளித் தகடுகளுக்குத் தண்ணீர் ஆகாது, உறைந்து குழாயை வெடிக்க வைத்துவிடும். அதனால் வெளியே ஓடுவது அமோனியா. அது உறைய மைனஸ் 77க்கும் கீழே போக வேண்டும்.

அமோனியா என்று படித்ததும் எனக்கு மூக்கு எரிந்தது. நான் தொழில் பழகியது மதுரைக்கு வெளியே ஒரு ஐஸ் கம்பெனியில். வயது பத்தொன்பது. ஒரு நாள் விடியற்காலை கம்ப்ரஸர் ரூம் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான், கண்ணைத் திறக்க முடியவில்லை, தொண்டைக்குள் யாரோ கையை விட்டுப் பிடித்த மாதிரி இருந்தது. வால்வு பேக்கிங் தேய்ந்துபோய் இருக்கிறது என்று மேஸ்திரி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், முதலாளி மாற்றவில்லை. மேஸ்திரிதான் ஈரத் துண்டை என் முகத்தில் போட்டு வெளியே இழுத்துத் தள்ளினார். அப்புறம் அவரே துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு ஜாயிண்டாகக் காட்டிக்கொண்டே வந்தார். லீக் இருக்கும் இடத்தில் திரியின் புகை கெட்டி வெள்ளையாகத் திரளும். மூன்றாவது வால்வில் திரண்டது. ஸ்பேனரை இரண்டு திருகு திருகிவிட்டு வெளியே வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி டீ கேட்டார்.

2013 டிசம்பரில் நிலையத்தின் வெளிப்பக்க அமோனியா பம்ப் ஒன்று கெட்டது. குளிரூட்டும் பாதையில் ஒரு பாதி போனது, அவசியமில்லாத மெஷின்களை எல்லாம் அணைத்தார்கள். ரிக் மாஸ்ட்ராக்கியோ, மைக் ஹாப்கின்ஸ் என்ற இருவர் 21ஆம் தேதியும் 24ஆம் தேதியும் வெளியே போய் பழைய பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். ஃப்ரிட்ஜ் அளவு பெட்டி. லைனைக் கழற்றும்போது அமோனியா பனித்துகளாகப் பறந்து உடுப்பில் பட்டது. அப்படிப் பட்ட உடுப்போடு உள்ளே போனால் மேஸ்திரி துண்டு போட்ட கதைதான், அதனால் வெயிலில் ஆவியாகப் போக விட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று விதி. இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. என் தொழில் அங்கேயும் நடக்கிறது.

ஜூலை 6, இரவு 11.40

இதை விட்டுவிட்டேன். 2012இல் சுனிதா வில்லியம்ஸும் அகிஹிகோ ஹோஷிடேவும் வெளியே ஒரு மின்சாரப் பெட்டியை மாற்றப் போனார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடியும் போல்ட் ஏறவில்லை, துளைக்குள் உலோகத் தூள். திரும்பி வந்து, பல் தேய்க்கும் பிரஷை வைத்தும், மிச்சமிருந்த வயரைப் பிரித்து பிரஷ் மாதிரிக் கட்டியும் ஒரு சாமான் செய்தார்கள். செப்டம்பர் 5ஆம் தேதி மறுபடி போய் துளையைத் துடைத்து போல்ட்டை ஏற்றிவிட்டார்கள். என் பையிலும் எப்போதும் ஒரு பழைய டூத் பிரஷ் இருக்கும், கேஸ் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டின் மரை துடைக்க.

ஜூலை 9, இரவு 8.50

அப்பத்தாவிடம் சொன்னேன், நிலையத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் போவேன் என்று. ஸ்கைலாப் மாதிரியா என்று உடனே கேட்டது.

1979இல் எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழப் போகிறது என்று ஊரே பேசியிருக்கிறது. அப்பத்தா வளர்த்த இரண்டு கிடாயையும் அடித்து, இருக்கிறபோதே சாப்பிடுவோம் என்று சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுப் போட்டதாம். ஜூலை 11ஆம் தேதி அது ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம் போய் விழுந்தது. அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே, 1974 பிப்ரவரியில், கடைசி மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள் என்று நான் சொன்னபோது அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப அஞ்சு வருசமா ஆளில்லாத வீடா சுத்திக்கிட்டு இருந்துச்சா, பாவம்” என்றது. விழுந்ததைவிட அப்படி ஆளில்லாமல் சுற்றியதுதான் அப்பத்தாவுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

ஜூலை 12, காலை 5.40

ஜன்னல் முக்கியமில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டேனோ என்று மூன்று நாளாக உறுத்துகிறது. அது உண்மையில்லை.

2010 பிப்ரவரியில் குப்போலா என்று ஒரு அறையை மாட்டினார்கள், ஏழு ஜன்னல், நடுவில் உள்ள வட்டக் கண்ணாடி மட்டும் 80 சென்டிமீட்டர். சைக்கிள் சக்கரத்தைவிடப் பெரிது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே ஒரு மூடி, உள்ளேயிருந்து கையால் திருகித் திறக்க வேண்டும். நேராக மதுரைக்கு மேலே இருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் 2,200 கிலோமீட்டருக்கு மேல் தெரியும் என்று கணக்குப் போட்டேன். இலங்கை முழுசாகத் தெரியும், ராமர் பாலத்து மணல் திட்டுகளும் அதைச் சுற்றி வெளிர்ப் பச்சைக் கடலும் தெரியும், மாலத்தீவு தெரியும், வடக்கே விளிம்பில் இமயமலை வந்துவிடும். ஆனால் கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை ஒன்றரை நிமிஷம்தான். வைகையைத் தேடிப் பிடித்து, அணையிலிருந்து கோடு பிடித்து வந்து, ஊரைக் கண்டுபிடிப்பதற்குள் வங்காள விரிகுடா வந்துவிடும். அடுத்த சுற்றில் திரும்பிப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது, அந்த ஒன்றரை மணி நேரத்தில் பூமி கிழக்கே திரும்பிவிடும், நாம் அரபிக் கடலுக்கு மேலே இருப்போம்.

எட்டு நாளில் பகலில், மேகமில்லாமல், ஊருக்கு நேர் மேலே எத்தனை தடவை வாய்க்கும்? இரண்டு தடவை வாய்த்தால் பெரிது. அந்த ஒன்றரை நிமிஷத்துக்குத்தான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரம் ஃபில்டர் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஜூலை 15, மாலை 4.10

சுக்லா இறங்கிவிட்டார். மூன்று மணிக்குச் செல்லூரில் ஒரு வீட்டில் சர்வீஸ் பார்த்துக்கொண்டே அவர்கள் டிவியில் பார்த்தேன். அவர் வந்த கலம் கலிபோர்னியா கடலில் பாராசூட்டோடு விழுந்தது. 18 நாள் நிலையத்தில் இருந்திருக்கிறார். வெந்தயமும் பச்சைப்பயறும் முளைக்க வைத்துப் பார்த்திருக்கிறார். வெளியே வந்து நிற்கும்போது கொஞ்சம் தள்ளாடினார், பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான்.

ஜூலை 19, இரவு 10.00

சுக்லா போய் வர 550 கோடி ரூபாய், ஒரு ஆளுக்கா, அதில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கேட்டவருக்கு. அந்தத் தொகைதான் செய்திகளில் வந்தது, நானும் படித்தேன். உங்கள் கோபம் தப்பு என்று சொல்லமாட்டேன். பணக்காரர் ஒருவர் எட்டு நாள் சுற்றிப் பார்க்கக் கொடுக்கும் காசையும் இதையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சுக்லா, விண்வெளிக்கு ஆள் அனுப்பும் நம் நாட்டுத் திட்டமான ககன்யானுக்குப் பழகிய நால்வரில் ஒருவர். 2035க்குள் நம் நாடே ஒரு நிலையம் கட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறது. அப்படி ஒன்று கட்டினால் அதற்குப் பம்ப் வேண்டும், வால்வு வேண்டும், ஃபேன் வேண்டும், அவற்றைக் கீழே தரையில் செய்து ஓட்டிப் பார்த்துக் கழற்றிப் பூட்டிப் பழக ஆயிரம் கைகள் வேண்டும். மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ மையத்தில் ராக்கெட் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறவர்களில் ஐடிஐ படித்தவர்களும் இருக்கிறார்கள். என் மகள் பத்தாவது படிக்கிறாள். ரெஃப்ரிஜரேஷன் டிரேட் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று சொந்தத்தில் கேட்கிறார்கள். சுனிதா வில்லியம்ஸ் டூத் பிரஷ் கதையை அவர்களுக்கு நான் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

ஆகஸ்ட் 2, இரவு 9.15

முதல் நாள் கேள்வி கேட்ட அண்ணன் மறுபடி வந்து, எட்டு நாளுக்குப் போன சுனிதா 286 நாள் மாட்டிக்கொண்டாரே, அப்படி ஆனாலும் போவீர்களா என்று கேட்டிருக்கிறார்.

இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. 286 நாள் என்றால் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், அப்பத்தாவுக்கு 84 வயது. எலும்பு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் தேயும், தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி செய்தால்தான் தாங்கும். மனைவியிடம் கேட்டேன். எட்டு நாளுக்குச் சரி, அதற்கு மேல் என்றால் நானும் வருவேன் என்றாள். சரியான பேச்சு என்று பட்டது. அதனால் என் பதில், எட்டு நாள் என்று சொல்லிக் கூப்பிட்டால் போவேன், மாட்டிக்கொண்டால் வேலை செய்துகொண்டு இருப்பேன், ஆனால் 286 என்று முதலிலேயே சொன்னால் அப்பத்தா இருக்கும்வரை போகமாட்டேன்.

இந்த நிலையத்தை 2030 வரை ஓட்டிவிட்டு அப்புறம் பசிபிக் கடலில் ஆளில்லாத பகுதியில் இறக்கிவிடத் திட்டம் என்பதையும் அப்பத்தாவிடம் சொன்னேன். கடைசி ஆள் எப்போது இறங்குவார் என்று கேட்டது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 4, இரவு 10.30

நாளைக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு தடவை கடக்கிறது, வடமேற்கிலிருந்து தென்கிழக்கே. விடியலில் வருவது சாயங்காலத்துக்கு நேர் எதிர். அடிவானத்தில் தேடாதீர்கள், அங்கே இன்னும் நிழலில் இருக்கும். பாதி உயரத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் திடீரென்று பற்றிக்கொள்ளும், அப்புறம் கிழக்கே வெளுக்கிற பக்கமாக இறங்கும். நாலைந்து நிமிஷம் கிடைக்கும். மேலூர், ஒத்தக்கடைப் பக்கம் இருப்பவர்களுக்கு மலை மறைக்காது. மாடி லைட்டை அணைத்துவிட்டு பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நில்லுங்கள், கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அப்பத்தாவை நாற்காலியோடு மேலே தூக்கிப் போகிறோம், நானும் மகளும்.